குடத்துக்குள் ஐந்து சிவப்புக் கோலி

கலைக்கும் சரவணனுக்கும் அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கலை ஒரு வார்த்தை சொன்னாள். "அப்பா, கம்பெனி கேட்டுல நீ இத்தனை வருஷம் பண்ணதுக்குப் பேரு கேம் தியரி. எங்க ஆபீஸ்ல அதுக்கு டிரெயினிங் எல்லாம் குடுக்குறாங்க." சரவணன் சிரித்துவிட்டு, "அப்பா கோலி உருட்டினாரு, அதுக்கும் தியரியா?" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று மத்தியானம் தூங்கவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறினவன். எனக்குத் தெரிந்த கணக்கு முழுவதும் அந்தக் குடத்திலிருந்து வந்ததுதான். அதை முறையாக உங்களுக்கு ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வேறொரு விஷயமும் இதில் இருக்கிறது. தேவராஜ் மாமா ஒருசமயம் ஒரு வாரத்துக்கு மேல் நம் வீட்டுப் பக்கமே வரவில்லையே, நினைவிருக்கிறதா? ஏன் என்று அம்மா அப்போது கேட்டாள். நான் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம்.

நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தபோது வயது இருபத்திமூன்று. மேனாம்பேட்டிலிருந்து சைக்கிள். முதல் நாலைந்து வருஷத்தில் கற்றுக்கொண்டது சல்யூட் அடிக்க, லாரி நம்பர் எழுத, தூங்காமல் இருக்க. அவ்வளவுதான். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது சாயங்காலம் நாலரை மணி. ஷிப்டு முடிந்து இருநூறு பேர் ஒரே கேட்டில் வெளியே வருவார்கள். எங்கள் கம்பெனியில் இரும்பைக் கடைந்து உதிரி பாகம் செய்வார்கள். இரும்பை வெட்டுகிற கருவியின் முனையில் கார்பைடு டிப் என்று ஒன்று இருக்கும். கட்டைவிரல் நகம் அளவுதான். சட்டைப் பையில் போட்டால் தெரியாது. பழைய டிப்பைக்கூட எடை போட்டு வாங்குகிற கடைகள் உண்டு. அதனால் வெளியே போகிறவர்களைச் சோதிக்க வேண்டும். இருநூறு பேரையும் சோதித்தால் ராத்திரி ஆகிவிடும். யாரைச் சோதிப்பது?

ஆரம்பத்தில் எங்கள் கண்ணுக்குச் சந்தேகமாகப் படுகிறவனைக் கூப்பிடுவோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. யார் நம் கண்ணுக்குச் சந்தேகமாகப் படுவான்? அழுக்குச் சட்டைக்காரன், புதிதாக வந்த காண்ட்ராக்ட் ஆள், நமக்கு வணக்கம் சொல்லாதவன். ஒருநாள் ஒருத்தர் தன் டிபன் பாக்ஸை என் மேஜைமேல் ஓங்கி வைத்து, "டெய்லி என் மூஞ்சி தான் கெடைச்சிச்சா உனுக்கு?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரு அதிகாரி வந்து, பத்தாவதாக வருகிற ஒவ்வொருவரையும் பிடி என்றார். இரண்டே நாளில் நம் ஆட்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். வரிசையில் நின்று தலை எண்ணுவார்கள். "டேய் நீ ஒம்போது, நான் பத்து. இரு, செருப்பு வாரு அறுந்துபோச்சி." பத்தாவது இடம் வந்தால் அத்தனை பேருக்கும் செருப்பு அறுந்தது. யாராவது ஒரு அப்பாவி வந்து பத்தாவதாக நிற்பான். வரிசையே கை தட்டும்.

இதற்குப் பிறகுதான் ரெஜினா மேடம் வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம். செக்யூரிட்டி ஆபீசர். என்னைவிட எட்டு வயது சின்னவர்கள். ஆனால் வந்த நாளிலிருந்து என்னை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த மாதிரி கூப்பிடுவது இந்தப் பக்கத்தில் மளிகைக் கடைக்காரரைத்தான் என்று பசங்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள். "அண்ணாச்சி, கால் கிலோ துவரம் பருப்பு" என்று கேட்டில் நின்று கேட்பான்கள்.

மேடம் இரண்டு நாள் வரிசையைச் சும்மா நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒரு எவர்சில்வர் குடமும் ஐம்பது கோலிக்குண்டும் வாங்கி வரச் சொன்னார்கள். நாற்பத்தைந்து பச்சை, ஐந்து சிவப்பு.

முறை இதுதான். குடத்தின் வாயில் முழங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புத் துணிக் குழாய் தைத்திருந்தது. உள்ளே பார்க்க முடியாது. வருகிறவர் கையை விட வேண்டும். மனசுக்குள் மூன்று எண்ணுவதற்குள் ஒரு கோலியை எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். நிறத்தை அவரே சொல்ல வேண்டும். பச்சை என்றால் கோலியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போகலாம். 'கிளிங்' என்று சத்தம் வரும். சிவப்பு என்றால் பக்கத்து அறைக்கு வர வேண்டும். நாங்கள் 'வா' என்று சொல்லக் கூடாது. "கொஞ்சம் இப்படி வாங்க" என்று சொல்ல வேண்டும். பை, டிபன் பாக்ஸின் எல்லா அடுக்கும், செருப்பு, இடுப்பு. முடிந்ததும் ரிஜிஸ்டரில் டோக்கன் நம்பர், கம்பெனிப் பொருள் இருந்ததா இல்லையா, இரண்டு பேர் கையெழுத்து. கடைசியில் நாங்கள் "நன்றி" சொல்ல வேண்டும். இந்த நன்றிக்கு நான் ரொம்பக் கூச்சப்பட்டேன். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

மேனேஜர், மேடம், நாங்கள், எல்லாரும் கோலி எடுக்க வேண்டும். நாலாம் நாளே மேடத்துக்குச் சிவப்பு வந்தது. வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. மேடம் அறைக்குள்கூடப் போகவில்லை. எங்கள் மேஜையிலேயே தன் கைப்பையைக் கவிழ்த்தார்கள். சீப்பு, ஜெபமாலை, பாதி தின்ற கடலை மிட்டாய், பஸ் டிக்கெட். "எழுதுங்க அண்ணாச்சி, கம்பெனிப் பொருள் இல்லை" என்றார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "மேடம், கள்ள மிட்டாயா கீதே!" எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்கள். அன்றிலிருந்து குடத்தைப் பற்றி ஒருத்தரும் சண்டை போடவில்லை. 'என்னை ஏன் பிடிச்சே' என்று குடத்திடம் யார் கேட்க முடியும்?

ஒருநாள் நான் கேட்டேன். "மேடம், பத்துல ஒருத்தரைத்தானே பாக்கிறோம். மீதி ஒம்போது பேரு எடுத்துகினு போனா?"

"அண்ணாச்சி, நீங்க திருடன்னு வச்சுக்கோங்க. ஒரு டிப்பு எடுக்கீங்க. பத்துல ஒரு பங்கு மாட்டுவீங்க. மாட்டினா வேலை போச்சு. அந்தத் துக்கிளியூண்டு பொருளுக்கு அவ்வளவு பெரிய வேலையப் பணயம் வைப்பீங்களா?"

"மாட்டேன்."

"அவ்வளவுதான். பிடிக்கது நம்ம வேலை இல்ல. எடுக்கது லாபமில்லன்னு ஆக்குததுதான் நம்ம வேலை. அவன் என்ன நினைப்பான்னு அவன் எடத்துல நின்னு பாக்கணும்."

கலை, உன் டிரெயினிங்கில் இதைத்தான் சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இது கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது.

சில வருஷம் நன்றாகப் போயிற்று. டிப் குறைவது நின்றே போயிற்று. பிறகு, கலை, நீ பன்னிரண்டாவது படித்த வருஷம் மறுபடி குறைய ஆரம்பித்தது. மாசாமாசம் குறைந்தது. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தீபாவளிக்குள் இது நிற்காவிட்டால் வெளி ஏஜென்சி வரும். இருநூறு பேரையும் பனியனோடு நிற்க வைத்துச் சோதிப்பார்கள். கேட்டில் வேலை செய்கிற நாங்கள் நாலு பேரும் வீட்டுக்குப் போகலாம். அன்று நான் வீட்டுக்கு வந்து உன் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது.

மேடம் பதறவில்லை. "பத்துல ஒண்ணு மாட்டுவோம்னு தெரிஞ்சும் ஒருத்தன் மாசம் பூரா எடுக்கான்னா, அவனுக்கு அது பத்துல ஒண்ணு இல்ல அண்ணாச்சி. குடத்துல எங்கயோ ஓட்டை இருக்கு" என்றார்கள்.

எனக்கு ஒரு பழக்கம். ரிஜிஸ்டரைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு டோக்கன் நம்பருக்கும் நேராகச் சிவப்பு வந்த நாளைக்கு ஒரு புள்ளி வைப்பேன். பொழுதுபோக்குதான். அன்று அதை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாசத்தில் எல்லாருக்கும் மூன்று, ஐந்து, ஏழு புள்ளி. ஒரே ஒரு நம்பருக்கு நேராக ஒரு புள்ளியும் இல்லை. அந்த நம்பர், இரும்பைத் தேய்த்து மழமழப்பாக்கும் கிரைண்டிங் செக்‌ஷன் தேவராஜ். உங்கள் தேவராஜ் மாமா. தினமும் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவன். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினவன்.

நோட்டை மூடி வைத்துவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் வேலை கண்ணுக்கு முன்னால் நின்றது. மேடத்திடம் கொடுத்தேன்.

மேடம் உடனே குதிக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்து என் பக்கம் தள்ளினார்கள். "ஒம்பதால பெருக்கி பத்தால வகுங்க. திரும்பத் திரும்ப."

செய்தேன். ஏழு நாள் குடத்தில் கை விட்டால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு சிவப்பும் வந்திருக்காது. இன்னும் ஏழு நாளில் அதில் பாதி. இருநூறு, நூறு, ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டு, ஆறு, மூன்று. ஐம்பது நாள் ஆனால் மிச்சம் ஒன்று அல்லது இரண்டு பேர்.

"பாத்தீங்களா. இருநூறு பேர்ல அப்படி ஒரு அதிர்ஷ்டக்காரன் சும்மாவே இருப்பான். தேவராஜ் அந்த ஆளா இருக்கலாம். இதை வச்சு ஒரு மனுஷனைச் சந்தேகப்படக் கூடாது. இன்னும் ஐம்பது நாள் பாப்போம். அதிர்ஷ்டம்னா அவரு பேருக்கு இனிமே புள்ளி விழத் தொடங்கிரும்."

அந்த ஐம்பது நாள், பிள்ளைகளா, நான் தேவராஜ் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வரணும் முருகா, சிவப்பு வரணும் என்று வேண்டிக்கொண்டு நிற்பேன். ஒரு செக்யூரிட்டிக்காரன் சிநேகிதனுக்குச் சிவப்பு வரணும் என்று வேண்டினது நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவன் கையை விடுவான், எடுப்பான். "பச்சை, மச்சான்!" கண்ணடிப்பான். வண்டியில் ஏறிப் பின்னாலிருந்து கதை பேசிக்கொண்டே வருவான். எனக்குக் காதில் விழாது.

நூறு நாள் ஆயிற்று. புள்ளி இல்லை.

மறுபடி கால்குலேட்டர். எங்களைப் போல இருநூறு ஆள் உள்ள கம்பெனி இருநூறு இருந்தால், அத்தனையும் சேர்த்து ஒரு ஆளுக்கு இப்படி அமையலாம். எஸ்டேட்டையே கூட்டி வந்து வரிசையில் நிற்க வைத்தால்தான் கிடைக்கும் ஒரு ஆள்.

"அப்ப அதிர்ஷ்டம் இல்ல. அவரு கை சிவப்பக் கண்டுபிடிக்கி" என்றார்கள் மேடம். பிறகு மெதுவாக, "அண்ணாச்சி, கோலி எல்லாம் ஒரே கடைல ஒண்ணா வாங்கினதுதானே?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் நூறு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்தப் பள்ளிக்கூட வருஷ ஆரம்பத்தில் குடம் கவிழ்ந்து மூன்று சிவப்புக் கோலி சாக்கடையில் போய்விட்டது. ஐம்பதையும் புதிதாக வாங்குங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார்கள். அம்பத்தூர் ஓ.டி.யில் இரண்டு கடை ஏறினேன். சிவப்பு இல்லை. பாடி வரைக்கும் போக அலுப்பு. பச்சையே ஐம்பது வாங்கி, அதில் ஐந்தை எடுத்து, மெயின்டனன்சில் எனாமல் பெயின்ட் வாங்கிச் சிவப்பாக அடித்தேன். காய வைத்து, உப்புத் தாளால் மெதுவாகத் தேய்த்து, மறுபடி அடித்தேன். பார்க்கக் கடைக் கோலி மாதிரியே இருந்தது. என் விரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கே என்மேல் பெருமை. வாங்கிவிட்டேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கத்துவார்கள் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடத்தில் கை விட்டு உருட்டிப் பார்த்தார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

"நம்ம கைக்குத் தெரியாது. முடி கனத்துல பாதிய விரலால தடவிச் சொல்லுத கிரைண்டிங் ஆளுக்குத் தெரியும்" என்றார்கள். பிறகு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார்கள். "நீங்க செஞ்சத இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. திருடு போனதுக்கு ஓட்டை எங்க இருந்ததுன்னு பின்னால வாரவங்களுக்குத் தெரியணும்லா."

என் கையால் எழுதினேன். மூன்று வரி. அதைவிட நீளமாக நான் எதையும் எழுதினதில்லை என்று தோன்றியது.

"தேவராஜைக் கூப்பிட்டுக் கேட்கவா மேடம்?"

"என்னன்னு கேப்பீங்க? அவரு சிவப்பத் தவிர்க்காருன்னுதான் கணக்கு சொல்லுது. திருடுதாருன்னு கணக்கு சொல்லல. ரெண்டும் வேற வேற. இன்னைக்குக் குடத்த ஒதுக்கி வச்சுட்டு அவர மட்டும் சோதிச்சா, நாளைக்கு இந்தக் குடம் வெறும் தண்ணிக் குடம்தான். கோலிய மாத்துவோம். யாருகிட்டயும் சொல்லாதீங்க." கொஞ்சம் நிறுத்தி, "உங்க வண்டில வாரவருகிட்டயும்" என்றார்கள்.

மறுநாள் காலையில் மேடமே பாரிமுனையிலிருந்து ஐம்பது கோலி வாங்கி வந்தார்கள். கண்ணாடியே சிவப்பு. கழுவித் துடைத்துப் போட்டோம்.

நாலரை மணி. தேவராஜ் முறை வந்தது. கையை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. கை வெளியே வரவில்லை. துணிக்குள் விரல் அலைவது தெரிந்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "இன்னா நைனா, முட்டை மேல உக்காந்துகினு கீறியா?" என்றான். தேவராஜ் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். எடுத்தான். பச்சை. கண்ணடிக்கவில்லை.

வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டிற்று. பிறகு கேட்டான்.

"கோலி மாத்திட்டியா மச்சான்?"

"ஆமா."

"நேத்து தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

"என்னாண்ட சொல்லல."

"சொல்லக் கூடாதுடா."

"சரி" என்றான். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனான். அந்த நாட்கள்தான் அவன் நம் வீட்டுப் பக்கம் வராத நாட்கள். பின்சீட் காலியாக இருந்தால் வண்டி இவ்வளவு ஆடும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

ஒன்பதாவது நாள் தேவராஜ் கையில் சிவப்பு வந்தது. தூக்கிக் காட்டினான். வாய் திறந்து நிறத்தைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அன்று சோதனை மேஜை என்னுடையது.

"கொஞ்சம் இப்படி வாங்க" என்றேன். அவனை நான் 'வாங்க' என்று சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அறைக்குள் வந்ததும் தணிந்த குரலில், "மச்சான், வேற ஆளைக் கூப்டு" என்றான்.

"மேஜைல யாரு இருக்காங்களோ அவங்கதான் பாக்கணும். தெரியுமில்ல உனக்கு."

பையில் ஒன்றுமில்லை. டிபன் பாக்ஸில் ஒன்றுமில்லை. இடுப்பில் கை வைத்தேன். சட்டைக்குள் தடிமனாக ஏதோ கட்டியிருந்தது. என் கையை அவன் பிடித்துக்கொண்டான். சூடான கை. இவன்தானா, என் பெயின்டை வைத்துக்கொண்டு இவன்தானா என்று நினைத்தேன்.

"கழட்டு தேவா."

கழற்றி மேஜைமேல் வைத்தான். வேர்வையில் மஞ்சள் அடித்த அகலமான பெல்ட். நடுவில் பஞ்சுத் திண்டு. உதறினேன். தையலை ஓரமாக அமுக்கிப் பார்த்தேன். டிப் இல்லை, ஒன்றுமில்லை. குடல் இறக்கத்துக்குக் கட்டுகிற பெல்ட்.

"நாலு மாசமா கீது" என்றான். "இரும்பு ஜாபைத் தூக்கி மிஷின் மேல வெக்கச் சொல்லோ பிடிச்சிகிச்சி. தெரிஞ்சா மிஷின்ல இருந்து எறக்கி, கூட்டிப் பெருக்க வுட்ருவாங்க. இல்ல, அன்ஃபிட்டுன்னு ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு காலேஜ்ல கீது மச்சான். நீ இடுப்புல கை வெச்சா ரிஜிஸ்டர்ல ஏறிடும்."

"அதுக்காகவா சிவப்பைத் தொடாம இருந்தே?"

"உன் பெயின்டு மொத நாளே தெரிஞ்சிச்சிடா. பிரஷ் வுட்ட எடம் ஒண்ணு, சன்னமா. சொல்லலாம்னு தான் இருந்தேன். சொன்னா யாரு பெயின்ட் அடிச்சதுன்னு உன்னைக் கேப்பாங்க. உன் வேலைக்கு வேட்டு. அப்படியே எனுக்கும் வசதியா பூட்ச்சி. ரெண்டும் சேர்ந்துகிச்சி, இன்னா பண்ண சொல்றே?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரிஜிஸ்டரை எடுத்தேன். அதில் ஒரே கட்டம்தான் இருந்தது. கம்பெனிப் பொருள்: இல்லை. எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். நான் போட்டேன். "நன்றி" என்றேன். "போடா" என்றான்.

மேடம் அன்று ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "வேற ஏதும் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். "அவரோட சொந்தப் பொருள் இருந்தது மேடம். அதுக்கு இதுல கட்டம் இல்ல" என்றேன். ஒரு தடவை என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டிவிட்டு மூடி வைத்தார்கள்.

பெல்ட் விஷயத்தை மேடத்திடம் சொல்லிவிடு என்று தேவராஜைச் சரிக்கட்ட எனக்கு மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் அவனே போய் மேடத்திடம் சொன்னான். அவன் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்யும்போது வந்த கோளாறுக்கு ஆபரேஷன், சம்பளத்தோடு லீவு, திரும்பி வந்தால் அதே மிஷின். எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. மேடம் மனுவை எழுதி, கூடப் போய்க் கொடுத்தார்கள். ஒன்றரை மாசம் வீட்டில் இருந்துவிட்டு வந்தான். அவன் வந்தபோது ஜாபைத் தூக்க மிஷினுக்கு மேலே ஒரு சங்கிலிக் கப்பி மாட்டியிருந்தார்கள். என் வண்டியில் மறுபடி ஏறினான். "மெதுவா போ, தையல் பிரிஞ்சிடப் போவுது" என்று ஒரு மாசம் என்னைப் படுத்தினான்.

சரி, டிப் என்ன ஆயிற்று? அதைத்தான் சொல்ல வருகிறேன். கோலி மாற்றின மாசத்திலிருந்து ஒரு டிப்கூடக் குறையவில்லை. தீபாவளி வந்தது, போயிற்று. ஏஜென்சி வரவில்லை. எங்கள் நாலு பேர் வேலையும் தப்பித்தது.

எனக்குச் சந்தோஷம், ஆனால் மண்டை குடைந்தது. தேவராஜ் எடுக்கவில்லை. அப்படியானால் பெயின்டைத் தடவிப் பார்த்துத் தப்பித்த இன்னொருத்தன் இருந்திருக்கிறான். என் நோட்டில் அவன் ஏன் அகப்படவில்லை? எல்லாருக்கும்தான் புள்ளி இருந்ததே?

மேடத்திடம் கேட்டேன். மறுபடி அந்தப் பழைய கேள்விதான். "நீங்க அவன் எடத்துல இருந்தா என்ன செய்வீங்க?"

யோசித்தேன். சட்டென்று புரிந்தது.

"பையில எதுவும் இல்லாத நாள்ல வேணும்னே சிவப்பை எடுப்பேன் மேடம்."

"எடுத்துட்டுச் சிரிச்சிகிட்டே வந்து மேஜை முன்னால நிப்பீங்க. உங்க நோட்டுல ஒழுங்காப் புள்ளி விழும். மறைக்கத் தெரியாத மனுஷன்தான் உங்க நோட்டுல மாட்டினாரு, அண்ணாச்சி. தெரிஞ்சவன் மாட்டல."

சிவப்போடு சிரித்துக்கொண்டு வந்தவர்கள் முகத்தையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்படி வந்தவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். ஜோக் அடித்தவர்கள், "நல்லா தேடு நைனா" என்று கையைத் தூக்கி நின்றவர்கள். அவர்களில் ஒருத்தன். யார்?

"இதைத் தேடப் போனீங்கன்னா நாளையிலருந்து இருநூறு முகத்தையும் சந்தேகமாத்தான் பாப்பீங்க. அவன் நிறுத்திட்டான். போதும்" என்றார்கள் மேடம். நோட்டைக் கிழித்துப் போடச் சொன்னார்கள். கிழித்தேன்.

மேடம் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். இப்போது கேட்டில் குடம் இல்லை. ஒரு பெட்டி இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். நல்ல சாமான். பெயின்ட் அடிக்க முடியாது.

போன வைகாசியில் என் கடைசி நாள் நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே காத்திருந்தீர்கள். நான் ஏன் வர லேட் என்று கேட்டீர்கள். உள்ளே நடந்தது இதுதான். சால்வை, மாலையோடு வந்து பொத்தானை அமுக்கினேன். சிவப்பு. கேட்டில் இருந்த பையன் பதறி, "சார், நீங்க போங்க சார், இன்னிக்குப் போய்…" என்றான். வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மேஜையில் பையைக் கவிழ்த்தேன். கண்ணாடிக் கூடு, ஒரு டப்பா மைசூர்பாகு, அம்மா கொடுத்தனுப்பின துண்டு. செருப்பைக் கழற்றினேன். கையைத் தூக்கினேன். பின்னாலிருந்து தேவராஜ், "இடுப்புல நல்லா பாருப்பா, பெரிய கையி!" என்று கத்தினான். பையன் எழுதினான். கம்பெனிப் பொருள்: இல்லை. "நன்றி சார்" என்றான்.

பிறகு எல்லாரும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். பழைய ஆட்கள் பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கையாகப் பிடித்தபோது அந்த ஞாபகம் எனக்கு வராமல் இல்லை. என் பெயின்டைத் தடவிப் பார்த்த அந்த இன்னொரு கை இதில் ஒன்றாக இருக்கலாம். அதுவும் வந்து என் கையைப் பிடித்து, "போய்ட்டு வா அண்ணாத்தே" என்று சொல்லியிருக்கலாம்.

எது என்று எனக்குத் தெரியாது. எல்லாக் கையையும் ஒரே மாதிரி இறுக்கிப் பிடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.